பேனரைக் கிழிக்கப் போய்

டூராங்கா,
ஆகஸ்ட் 19

அன்புள்ள லொரேன் அக்காவுக்கு, தம்பி கிரெய்க் எழுதுவது. இங்கே டோனாவும் பிள்ளைகளும் நாயும் நலம். நானும் நலம், இடது தொடையின் பின்பக்கம் நீங்கலாக. பெர்த்தில் நீயும் அத்தானும் நலமா? போனில் சொன்னால் நீ அக்கா என்பதை மறந்து பிசியோதெரபிஸ்டாகவே கத்துவாய் என்பதால் கடிதம். முடிக்கும்வரை போனைத் தொடாதே.

ஜூலைக் கடைசியில் என் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதாவது ஃபுட்டி ஆட்டத்தில், பந்தோடு ஓடிய பத்தொன்பது வயதுக்காரன் ஒருவனைத் துரத்தப் போய்ப் பின்தொடைச் சதை கிழிந்தது உனக்குத் தெரியும். "மூணாம் நாள்லேர்ந்து நடக்கலாம், ஆனா ஆறு வாரம் ஓடவே கூடாதுடா" என்றாய். கேட்டேன் அக்கா, சத்தியமாகக் கேட்டேன். மல்லாக்கப் படுத்து இடுப்பைத் தூக்கித் தூக்கி இறக்கினேன், டோனா என்னைத் தாண்டிப் போய்த் துணி காயப்போட்டாள். பத்தாம் நாள் வலி போய்விட்டது. வலி போனால் காயமும் போயிற்று என்றுதானே மனுஷன் நினைப்பான்? எனக்கோ நாற்பத்தொரு வயசு, அடுத்த வருஷம் எவன் என்னை டீமில் சேர்ப்பான்? போன சனிக்கிழமைதான் இந்த வருஷத்தின் கடைசி ஆட்டம். முந்நூறாவதை அன்றைக்கு ஆடினால்தான் உண்டு.

ஆட்டத்துக்கு முன்னால் கட்டுப் போடுகிற பெவ், "அடிபட்ட ஒத்தக் கால்ல குதிச்சுக் காட்டு" என்றாள். அவள் வேறொருத்தன் கணுக்காலுக்குத் திரும்பிய நேரத்தில் நான் காலை மாற்றிக்கொண்டேன். "எந்தக் காலுப்பா அது?" "ரெண்டுமே என் கால்தான் பெவ்!"

பிறகு பேனர். முந்நூறாவது ஆடுகிறவன் முதலில் ஓடிப்போய், இரண்டு கம்புக்கு நடுவே விரித்த மெல்லிய கிரேப் காகிதத்தை நெஞ்சால் கிழித்துக்கொண்டு போகவேண்டும், உனக்குத் தெரியாததா? போன வருஷம் நாங்கள் வருவதற்குள் காற்றே அதைக் கிழித்துவிட்டது என்று டோனாவும் மற்ற பெண்களும் இந்த முறை பின்பக்கம் முழுக்கப் பெட்டி ஒட்டுகிற டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருக்கிறார்கள். "இந்தத் தடவை அசையாது பாரு" என்று அவள் காலையிலேயே சொன்னாள், எனக்குத்தான் உறைக்கவில்லை. மோதினேன். அது கிழியவில்லை. காலை ஊன்றித் தள்ளினேன், பின்தொடையில் 'டப்' என்றது. மைதான எல்லையின் வெள்ளைக் கோட்டுக்கு நாலடி உள்ளே முந்நூறு என்ற எழுத்தைச் சுற்றிக்கொண்டு விழுந்தேன், பின்னால் வந்த பையன்களில் பாதிப் பேர் என்மேல் ஏறி ஓடினார்கள். ஆட்டம் ஆரம்பிக்கும் சைரன்கூட அடிக்கலை. டோனா ஓடி வந்து, "டேப் ஜாஸ்தியாயிடுச்சோ?"ன்னா.

காருக்குள்ள உக்காந்து அழுதேன் அக்கா. இருபத்து நாலு வருஷம், ஒரே ஒரு ஆட்டம் குறைய நின்னுபோச்சு. கிழிஞ்ச சதை முதல்ல அவசரத்துக்கு ஒரு ஒட்டுப் போட்டுக்கும், அந்த ஒட்டு பலமாக வாரக்கணக்கா ஆகும், கொஞ்சம் கொஞ்சமா பாரம் குடுத்துப் பழக்கணும்னு நீ சொன்னப்ப நான் டிவி பார்த்துக்கிட்டிருந்தேன். வலி போனா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தமில்ல, அப்பத்தான் வேலையே ஆரம்பம்னு இப்ப புரியுது. இனிமே நீ சொன்னபடிதான். முந்நூறு எனக்குக் குடுத்துவைக்கலை, அவ்வளவுதான். மனசு ஆறிடுச்சு.

அத்தானுக்கு என் அன்பு. உன் பிள்ளைகள் கால் கை சுகமாக இருக்கட்டும், முக்கியமாகப் பின்தொடை.

அன்புத் தம்பி,
கிரெய்க்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது கழகச் செயலாளர் டிரெவர் வந்தார். டீம் பட்டியலில் பேர் இருந்து, ஜெர்சியோடு அந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டினாலே ஒரு ஆட்டம் என்பதுதான் எங்கள் கழக விதியாம். முந்நூறு எழுதியாயிற்றாம். "ஓடணும்னு எவன்யா சொன்னான்? பேனரைச் சுத்தி நடந்து வந்திருந்தாலே போதுமே" என்கிறார். மூணாம் நாளே நடக்கலாம்னு நீ சொல்லியிருந்தே அக்கா.