ஆதாரம் மாமாவின் குதிரை

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. உயிரோடிருக்கும் சொந்தக்காரர் வாசலில் நின்றால் எழுந்து கதவைத் திறக்காது. செத்து நூறு வருஷமானவரின் பேர் எங்கோ கிடைக்கிறது என்றால் செருப்புக்கூடப் போடாமல் ஓடும். வம்சாவளி எழுதுகிறவர் என்று அதற்குப் பெயர்.

அதில் முற்றி விளைந்த ஒருவரைக் குடும்பத்தில் ஆதாரம் மாமா என்பார்கள். மருந்துக்கடையைத் தம்பியிடம் விட்ட நாளிலிருந்து, பழைய காலண்டர்களின் பின்பக்கங்களை ஒட்டி ஒட்டிக் கூடத்துச் சுவர் முழுக்கக் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் பெயரும் பெயருக்குக் கீழே தொழிலும் எழுதி, எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்டு, கூடப்பிறந்த தங்கை "அண்ணா" என்றால்கூட ஒரு கணம் சந்தேகமாகப் பார்ப்பார். உச்சிக் கட்டத்தில் மட்டும் பெயர் இருந்தது, தொழில் இல்லை. அந்த மூதாதையரைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களில் மிச்சம் அத்தை ஒருத்திதான். வயது தொண்ணூற்றொன்று. அத்தை போனால் என்ன ஆகும்? கட்டம் போச்சு.

மாமா செல்போனும் மூன்று பேனாவுமாகப் போய் உட்கார்ந்தார். நீங்கள் பாட்டுக்குச் சொல்லுங்கள், நான் குறுக்கே பேசவே மாட்டேன் என்பதை இருபது நிமிஷம் விளக்கினார். அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அவரு கழுதை வச்சிருந்தாருடா. உப்பு மூட்டை ஏத்திக்கிட்டு..."

பேனா நின்றது. உச்சிக் கட்டத்தில் கழுதையா? சம்பந்தி வீட்டார் வந்து பார்க்கிற சுவராயிற்றே!

"குதிரையா இருக்கும் அத்தை. நல்லா யோசிங்க."

"காது நீளம்னு எங்கப்பா சொல்வாரு."

"சில குதிரைக்கு நீளமாத்தான் இருக்கும்."

பிறகு ஒரு மணி நேரம் மாமாதான். குதிரை என்றால் படை. படை என்றால் தளபதி இல்லாமலா. உப்பு மூட்டை என்பது வெடிமருந்து மூட்டையாக ஏன் இருக்கக்கூடாது? அத்தை "ம்" கொட்டினாள். சாப்பிட்டாயா என்று இரண்டு தரம் கேட்டாள். நடுவில் கொஞ்சம் தூங்கினாள்.

வீட்டில் பதிவைப் போட்டுக் கேட்ட மனைவி, இதில் அத்தை எங்கே என்று கேட்டாள். மாமாவுக்குச் சுருக்கென்றது. ஆராய்ச்சி என்றால் நேர்மை வேண்டாமா? மறுநாள் காலை மனைவியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு அத்தைக்குப் போன் போட்டார். அவர் என்ன வேலை பார்த்தார் என்று ஒரே ஒரு கேள்வி. கேட்டுவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அத்தையின் குரல் கணீரென்று வந்தது.

"குதிரைப்படைத் தளபதிடா. வெடிமருந்தெல்லாம் அவரு பொறுப்புதான். வெள்ளைக் குதிரை."

வெள்ளை! அதை மாமா சொல்லவே இல்லையே! இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? போனை மனைவி கையில் திணித்துவிட்டு ஸ்டூல் மேல் ஏறினார்.

இதெல்லாம் யார் சொன்னார்கள் என்று மனைவி மெதுவாக விசாரித்தாள்.

"உன் புருஷன்தாம்மா, நேத்து. பாவம், எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்கான்."

மாமா காதில் அது விழவில்லை. அழியாத மையில் எழுதிக்கொண்டிருந்தார்: தளபதி. ஆதாரம்: அத்தை, தன் வாயால் சொன்னது.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு தளபதியோ அரண்மனை வைத்தியரோ இருப்பார். உங்களுக்குச் சொன்னது பெரியப்பா; பெரியப்பாவுக்குச் சொன்னது யாரோ. அது போகட்டும். போன வாரம் விருந்தாளியிடம் அந்தக் கதையைச் சொன்னீர்களே, அப்போது வாளுக்குத் தங்கப்பிடி போட்டது யார்?