ஜெகபர் அலி கடை திறந்திருக்கிறது

"என் கடைய மூடியாச்சுன்னு எவன்யா சொன்னது?"

ஜெகபர் அலி போட்ட சத்தத்தில் பால்காரர் சைக்கிளை விட்டே இறங்கிவிட்டார்.

"ஊருக்குள்ள பேசிக்கிறாக பாய்."

ஆயக்குடியில் மச்சினன் கல்யாணம். அதற்காகப் பிரியாணிக் கடைக்கு இரண்டு நாள் லீவு விட்டால், அதற்குள் இப்படியா? பேகம்பூரில் ஒரு தடவை வாடிக்கை கலைந்தால் அப்புறம் அடுப்பில் பூனைதான் தூங்கும்.

'ஜெகபர் அலி கடை திறந்திருக்கிறது.' சொல்ல வேண்டியது இவ்வளவுதான். எதில் சொல்வது?

கடைப் பக்கம்கூடப் போகாமல், இடுப்பு பெல்ட்டில் சாவிக்கொத்து குலுங்க அச்சாபீசுக்கு ஓடினார். நோட்டீசும் சுடச்சுட வந்தது. பெயர் மட்டும் கொட்டை எழுத்தில். 'திறந்திருக்கிறது' எறும்பு ஊர்ந்த மாதிரி.

"பெரிய எழுத்து அம்புட்டுத்தான் இருக்கு பாய்" என்றார் அச்சாபீஸ்காரர்.

பஸ் ஸ்டாண்டில் கொடுத்து முடிப்பதற்குள் ஒருவர் வந்து, "கடை மூடியாச்சாமே?" என்றார்.

"எறும்பு எழுத்துல அடிச்சா எவன் படிப்பான்!" என்று மிச்ச நோட்டீசைக் கிழித்தெறிந்துவிட்டு, தமுக்கடிக்கும் முனியப்பனைப் பிடித்தார். முனியப்பனோ தமுக்கை நிறுத்தாமலே வாயைத் திறந்தான். ஊர் காதில் விழுந்தது டமடம மட்டும்தான்.

இரண்டு தெரு தாண்டியதும் பூக்காரி கருப்பம்மாள் உச்சுக் கொட்டினாள். "நல்லா ஓடுன கடை, மூடிட்டீகளாமே பாய்?"

"செத்த நேரம் கைய நிப்பாட்டிட்டுச் சொல்லக் கூடாதாலே?" என்று முனியப்பன் மேல் பாய்ந்தார் ஜெகபர் அலி.

கடைசியில் மைக் செட் பொன்னழகுவின் குதிரை வண்டி. அவன் மூச்சு விடாமல், "ஜெகபர் அலி கடை திறந்திருக்கிறது இன்றே கடைசி மாலைக் காட்சிக்கு வாரீர்" என்று முழங்கினான்.

"இன்னைக்கே கடைசியா? அடப்பாவி! என் கடைக்கும் உன் சினிமாவுக்கும் நடுவுல ஒரு நிறுத்தம் வேண்டாமா? குடுய்யா இங்க!"

மைக்கைப் பிடுங்கி, தொண்டை கிழியத் தானே கத்திக்கொண்டு ஊரை வலம் வந்தார். உச்சி வெயிலில் வண்டி கடைத்தெருவுக்குள் திரும்பியது. கடை வாசலே தெரியவில்லை, அத்தனை கூட்டம்.

"பாத்தியாய்யா பொன்னழகு! சொல்ற விதத்துல சொன்னா ஊரே வரும்!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சமையல்காரர் சாகுல் ஹமீது ஓடி வந்தார்.

"மொதலாளி, காலையில நோட்டீசப் பாத்து வந்தவுகளும் இங்கனதான் நிக்கிறாக. சாவியக் குடுங்க, கடையத் திறப்போம்!"