தேனீ வகுப்பும் மாமியும்

எழுத்து ஓடாதவனுக்கு வாட்சப் நல்ல பள்ளிக்கூடம். பேசி அனுப்பினால் போதும். ஆனால் பேசியது அங்கேயே கிடக்கும். அதுதான் ஆபத்து.

நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். தேனீ வளர்க்க ஆசைப்பட்டு ஒரு வாட்சப் குழுவில் சேர்ந்தேன். சார் பாடத்தைப் பேசி அனுப்புவார். நாங்கள் வீட்டுப்பாடத்தைப் பேசி அனுப்புவோம். (ஆறாம் வகுப்பில் செய்யாததை எல்லாம் நாற்பது வயதில் செய்தேன்.) பெட்டிகளைத் திருவட்டாறில் மாமியார் வீட்டுத் தோட்டத்தில் வைத்தேன்.

அந்த வருஷம் கொழுந்திக்குக் கல்யாணம். காலையில் அவள் காரில் ஏறி உட்கார்ந்தாள். சர்ச்சுக்கு நேரமாகிவிட்டது. அப்போதுதான் என் பெட்டி ஒன்றிலிருந்து ஒரு கூட்டம் பிரிந்து கிளம்பியது. தோட்டம் முழுக்க மரம். அது வந்து அடைந்தது கார்க் கதவில். (பூ ஜோடனை பிடித்துப்போயிற்று போல.)

டிரைவர் சாவியோடு ஓடிவிட்டார். ஏற்றின கண்ணாடிக்குள் கொழுந்தி மட்டும். சுற்றிலும் தேனீ. ஏசி இல்லை. அவள் பவுடர் கோடுகோடாக இறங்கியது.

மாமி என்னைப் பார்த்தார்.

"மருமோனே, இது ஒமக்க தேனீதானே?"

"ஆமா மாமி."

"அப்ப நீரே பிடியும்."

காலிப் பெட்டியோடு போய் மண்டியிட்டேன். கையைக் கூட்டத்துக்குள் விட்டேன். முழங்கை வரை தேனீ ஏறியது. அடுத்து என்ன செய்ய வேண்டும்? பாடம் மறந்துவிட்டது. (ஆறாம் வகுப்பிலும் இப்படித்தான்.)

"மாமி, எனக்க போனை எடுங்க. தேனீ குரூப்பு. மேல தள்ளுங்க. 'கூட்டம் பிரிதல்'னு இருக்கும். அதுக்குக் கீழ அமுக்குங்க."

மாமி மட்டும்தான் பக்கத்தில் வந்தார். (பயத்தை மற்றவர்களுக்குக் கொடுத்துத்தான் அவருக்குப் பழக்கம்.)

சாரின் குரல் வந்தது. "கையை உதறக்கூடாது. பைய வழிச்சு பெட்டியில விடணும். ராணி உள்ள போனா மத்ததும் போவும். அதுவரை அசையக்கூடாது."

வழித்தேன். ஒன்று காதில் கொட்டியது. அசையவில்லை.

பாடம் முடிந்தது. போன் நிற்கவில்லை. அடுத்த குரல் தானாக ஓடியது. என் குரல். கூட்டம் ஏன் பிரிகிறது என்று சொந்த உதாரணத்தோடு சொல்லச் சொல்லியிருந்தார் சார்.

"புது ராணி வருதுன்னா பழைய ராணி மரியாதையா எறங்கிப் போயிரும் சார். எங்க மாமியார் வீட்டுல அப்படி இல்ல. மருமவ வந்து பத்து வருசமாச்சு. பழைய ராணி கரண்டிய விடல்ல."

"மாமி, நிறுத்துங்க!"

"எதுக்கு? நல்லாத்தானே படிச்சிருக்கீரு."

கல்யாண வீடே காது கொடுத்தது. ஓட முடியாது. போனைப் பிடுங்க முடியாது. கை நிறையத் தேனீ.

"கொட்டு மட்டும் கொறையல்ல சார்" என்று முடித்தது என் குரல்.

காருக்குள் கொழுந்தி வாயைப் பொத்திக் குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாளாம்.

அந்த நேரம் பார்த்து ராணி பெட்டிக்குள் இறங்கியது. மற்றவை பின்னாலேயே போயின. டிரைவர் வந்தார். கார் கிளம்பியது. மாமி போனை என் சட்டைப்பையில் போட்டார். பையை இரண்டு தட்டு தட்டினார். காதை விட அதுதான் எரிந்தது.

இப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்தால் மாமி வாசலில் நின்று சத்தமாகக் கேட்பார்.

"மருமோனே, பழைய ராணி வந்திருக்கு. பெட்டி காலியா இருக்கா?"

வீடே சிரிக்கும். நான் அசைய மாட்டேன். சார் சொல்லிக்கொடுத்தது.