வேட்டைக் கத்தியும் வருங்கால மாமனாரும்

என்னால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார முடியாது. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். பேனா கிடைத்தால் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவேன். ரசீது கிடைத்தால் சுக்குநூறாகக் கிழிப்பேன். அப்படிப்பட்டவன் கையில் ஒருமுறை வேட்டைக் கத்தி இருந்தது.

சுமதிக்கும் எனக்கும் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். அவள் அப்பா ஜெஞ்சாரோமில் செம்பனை லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இளவயதில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனவர். நான் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வளர்ந்து, ஷா ஆலமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன் (உட்காருகிறவன் என்பது பேச்சுக்கு). "ஞாயித்துக்கெழம ஆத்துக்கு மீன் பிடிக்கப் போறோம், அவரையும் வரச் சொல்லு" என்று அங்கிள் சொல்லியனுப்பினார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

வீடியோ வீடியோவாகப் பார்த்து மூன்று கத்தி வாங்கினேன். மடக்குக் கத்தி ஒன்று. முதுகில் ரம்பப் பல் வைத்த வேட்டைக் கத்தி ஒன்று. கழுத்தில் தொங்கவிடும் குட்டிக் கத்தி ஒன்று (எதற்கென்று இன்றுவரை தெரியாது).

ஆற்றங்கரையில் அங்கிளின் கத்தியைப் பார்த்தேன். கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றிய பழைய பாராங். சுமதியின் அண்ணன் குமரனிடம் மீன் அறுக்கும் சின்னக் கத்தி. அவர்களுக்காகப் பரிதாபப்பட்டேன்.

சாப்பிட்டதும் அங்கிள் கரையில் கட்டியிருந்த படகுக்குப் போய், தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்துவிட்டார். குமரன் படகின் துடுப்புகள் இரண்டையும் மண்ணில் நட்டு, வெயிலுக்குக் கென்வஸ் துணி கட்டிக்கொண்டிருந்தார். நான் கத்தியை உறையில் போடுவதும் எடுப்பதுமாக நடந்துகொண்டிருந்தேன்.

"அண்ணே, ஏதாச்சும் வெட்டணுமா?"

மூன்றாவது தடவை கேட்டபோது அவர் திரும்பாமலே, "ஒரு துண்டு கயிறு வெட்டிட்டு வாங்க லா" என்றார்.

பையில் கயிறு இருந்தது. நான் பையைத் திறக்கவே இல்லை. பக்கத்து மரத்தில் நீல நைலான் கயிறு ஒன்று சுற்றியிருந்தது. மறுமுனை உயரமான புல்லுக்குள் போய் மறைந்தது. யாரோ விட்டுப்போனது என்று நினைத்தேன். மரத்தடியில் ஒரு வெட்டு, புல்லோரம் ஒரு வெட்டு. இரண்டே வெட்டு. பெருமை தாங்காமல் கொண்டுபோய் நீட்டினேன்.

"எங்க எடுத்தீங்க?" என்றார் குமரன்.

"அந்த மரத்துல சும்மா சுத்திக் கெடந்துச்சு, அண்ணே."

அவர் கயிற்றைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பிறகு கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

கடல் வற்றும் நேரம், ஆற்று நீர் கடல் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அங்கிள் நடு ஆற்றில் கடலை நோக்கி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே போய்க்கொண்டிருந்தார். அந்த ஆற்றில் முதலை உண்டு என்று காலையில் அவரே சொல்லியிருந்தார். சேற்றில் குமரன் பின்னால் ஓடினேன்.

"மொதல்ல அந்தக் கத்திய உறையில போடுங்க" என்றார் அவர், ஓடிக்கொண்டே.

எங்கள் கூச்சலில் அங்கிள் தொப்பியை விலக்கி எட்டிப் பார்த்தார். "ஏன்டா குமரா, ரெண்டு பேரும் எங்க ஓடுறீங்க?" என்று கேட்டார். அப்புறம்தான் கரை நகர்வதைக் கவனித்தார் போலிருக்கிறது. படகுக்குள் தடவினார்.

"துடுப்பு எங்கடா?"

"கரையில இருக்குப்பா."

"கயிறு?"

குமரன் என்னைக் கைகாட்டினார்.

நல்லவேளை, வளைவில் ஒரு மலாய்ப் பெரியவர் எஞ்சின் படகில் வந்தார். அங்கிளை இழுத்துவந்து சேர்த்தார். அங்கிள் கரையேறியதும் என்னிடம் கை நீட்டினார். கத்தியைக் கொடுத்தேன். கட்டைவிரலால் முனையைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல கத்தி" என்று தன் பையில் போட்டுக்கொண்டார். "கழுத்துல என்ன?"

அதையும் கழற்றிக் கொடுத்தேன். "இன்னொன்னு பாக்கெட்ல இருக்கு, அங்கிள்" என்று நானே சொல்லி, மடக்குக் கத்தியையும் ஒப்படைத்தேன்.

இரண்டு நாள் தகவலே இல்லை. நான் நடந்த நடையில் கீழ்வீட்டு ஆன்டி மேலே வந்து, "தம்பி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். மூன்றாம் நாள் சுமதி அழைத்தாள்.

"அப்பா சரின்னுட்டாரு. 'கால் சப்பாத்து சேத்துல பொதஞ்சு போனதுகூடத் தெரியாம ஓடியாந்தான்'னாரு. ஆனா தாலி கட்டும்போது முடிச்ச இறுக்கிப் போடணுமாம்."

கல்யாணமாகி ஏழு வருஷம். இன்றும் பிறந்தநாள் விருந்தில் நான் கேக் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தால், மாமனார், தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்.