படத்தில் இருப்பது கூப்லுதான்

எந்தப் படத்தைக் காட்டினாலும் அதில் தன்னைக் கண்டுபிடித்துவிடும் ஓர் இனம் உலகெங்கும் உண்டு. கும்பலாக எடுத்த புகைப்படத்தில் முதலில் நம் தலையைத் தேடுகிறோமே, அதைச் சொல்லவில்லை. அது எளிய பலவீனம். இது முற்றிய நிலை. எங்கள் உறைகடல் கரையில் அந்த இனத்தின் முழுமையான மாதிரி கூப்லு.

கல்லில் செதுக்கி, மை தடவி, மெல்லிய தாளை அழுத்தி எடுத்த படங்கள் எங்கள் அச்சுக் குடிசையில் முதன்முதலாகக் காய்ந்த நாளில்தான் அது வெளிப்பட்டது. அவருடைய கொழுந்தியாள் சாவியார்ஜுக் வரைந்த படம் ஒன்று: பனியில் சீல் என்னும் கடல்நாய் மூச்சு விட வரும் துளைக்கு மேல் ஈட்டியோடு குனிந்து நிற்கும் வேட்டைக்காரன். தோல் சட்டையின் தலைமூடி இறங்கியிருப்பதால் முகமே கிடையாது. முகம் இல்லாதது எவ்வளவு வசதி!

"இது நான்தான்" என்றார் கூப்லு.

"மூஞ்சியே இல்லையே மச்சான்?" என்றான் நூவுக். அத்தை மகன், கூப்லுவைக் கிண்டல் செய்வது அவனுடைய பிறப்புரிமை.

"முதுகைப் பாருடா. இந்தக் கரையில இப்படிக் குனியறவன் வேற யாரு?"

"நீ கறிச் சட்டிக்கு முன்னாடி மட்டும்தானே குனிவே? அது போகட்டும். இவன் இடது கையில ஈட்டி பிடிச்சிருக்கான். நீ வலது கைக்காரன்."

சாதாரண மனிதன் அங்கே அடங்கியிருப்பான். இந்த இனம் அடங்காது. படம் தன்னைப்போல் இல்லையென்றால், தான் படத்தைப்போல் ஆகிவிடும்.

"பிறவியில எனக்கு இடது கைதான்டா. நாப்பது வருஷமா ஏதோ பழக்கத்துல வலதுல எறிஞ்சுட்டேன்."

அன்றிலிருந்து இடக்கையால் சாட்டை வீசினார், பனிவண்டி இழுக்கும் நாய்கள் குழம்பிப்போய்த் திரும்பிப் பார்த்தன. இடக்கையால் தேநீர் ஊற்றினார், பாதி மடியில் விழுந்தது. எல்லோரையும்போல் இறைச்சியைப் பல்லில் கவ்வி உதட்டருகே கத்தியால் அறுத்தபோது மூக்கு நுனியில் ஒரு கீறலும் வாங்கிக்கொண்டார்.

"மூக்கையும் சேர்த்துத் தின்னுடாதீங்க" என்றாள் மனைவி பானிக். "இருக்கற கறியே நாளைக்கு வராது."

வரவும் இல்லை. நான்கு நாள் பனிப்புயல். இறைச்சி தீர்ந்தது, விளக்கில் ஊற்றும் கொழுப்பு ஒரு விரற்கடை மிஞ்சியது. புயல் ஓய்ந்ததும் எட்டுப் பேர் உறைகடலுக்குப் போய், துளைக்கு ஒருவராக நின்றார்கள். சீலுக்குத் துளைகள் பல; எல்லாவற்றையும் காத்தால் எங்கேயாவது ஒன்றில் தலை நீட்டித்தான் தீரவேண்டும்.

நீட்டியது, கூப்லுவின் துளையில். அது வருவதைக் காட்டிக்கொடுக்கச் செருகியிருந்த எலும்புக் குச்சி மெல்ல அசைந்தது. வலக்கை தானாக எழுந்தது. நாற்பது வருடக் கை, அதற்கு வேலை தெரியும். கூப்லு அதை அடக்கினார். ஈட்டியை இடக்கைக்கு மாற்றி, முதுகைப் படத்தில் உள்ளபடி வளைத்து, ஓங்கிக் குத்தினார்.

ஈட்டி விளிம்புப் பனியில் குத்தி நின்றது. சீல் போய்விட்டது. குனிவு மட்டும் அச்சு அசல்.

அன்று எட்டு வீடுகளிலும் விளக்கு சுருங்கி எரிந்தது. குழந்தைகள் தோல் வாரை மென்றன. யாரும் அவரைத் திட்டவில்லை; எங்களிடையே அது வழக்கமில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கடைசியில் சாவியார்ஜுக்தான் வாயைத் திறந்தாள்.

"அத்தான், நான் வரைஞ்சது வலது கைதான். அதை அப்படியே கல்லுல செதுக்கிட்டாங்க. கல்லுலேர்ந்து தாளுக்கு வரும்போது இடம் வலம் மாறிப்போச்சு. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

கூப்லு தலைகுனிந்தார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவர் முகம் மலர்ந்தது.

"கேட்டியா நூவுக்! வலது கையாம்! அப்போ சந்தேகமே இல்லை, அது நான்தான்."

பானிக் ஈட்டியை எடுத்து வந்து அவருடைய வலக்கையில் வைத்தாள். மறுநாள் அந்தக் கை ஒரு சீலைக் கொண்டுவந்தது. எட்டு வீடுகளுக்கும் பங்கு போயிற்று. மோசமான வேட்டைக்காரர் அல்ல, அவ்வளவு சொல்லலாம்.

நான் எழுதிய இந்தச் சொற்சித்திரத்தின் முதல் சில வரிகளை, பெயர் வருவதற்குமுன் நிறுத்தி, அவருக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட, நம்ம நூவுக்!" என்றார்.

அதே வரிகளில் நீங்களும் யாரையோ நினைத்துக்கொண்டு சிரித்தீர்கள். யாரை?