மூக்கு மேஸ்திரியின் இடது மூக்கு

ஆண்டவன் கொடுத்த மூக்கை எங்கள் மூக்கு மேஸ்திரி அளவுக்கு துஷ்பிரயோகம் செய்த ஆசாமி உலகத்திலேயே கிடையாது. நமக்கெல்லாம் மூக்கு ஒன்று. அவருக்கு இரண்டு.

ஒவ்வொரு துவாரமும் முகர்ந்ததை மூளை தனித்தனியாகக் கவனிக்கிறதாம். விஞ்ஞானிகள் இப்போது சொல்கிறார்கள். நன்றாகச் சொல்லட்டும்! அறுபதுகளில், காஞ்சிபுரத்தில், அப்படியொரு மூளைக்கு எதிர்வீட்டில் குடியிருந்தவன் நான்.

பட்டு நெசவுப் பட்டறையில் அவருக்கு நூல் அசலா என்று பார்க்கிற வேலை. ஓர் இழையைக் கொளுத்தினால் அசல் பட்டில் முடி பொசுங்கிய நாற்றம் வரும், கலப்படத்தில் காகிதம் எரிந்த நாற்றம். வேறு யாராக இருந்தாலும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவார்கள். இவர் இடது மூக்கை அடைத்துக்கொண்டு வலதால் முகர்வார். அப்புறம் வலதை அடைத்து இடதால். இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் வாயைத் திறப்பார்.

அதோடு விட்டாரா? கோயில் இட்லி வாங்கும் வரிசையிலும் இதே கூத்து.

"வலது மொளகுன்னுது, இடது சுக்குன்னுது. இருப்பா, ரெண்டும் பேசி முடிக்கட்டும்!"

பின்னால் நாங்கள் பசியில் துடித்துக்கொண்டிருப்போம்.

என் தங்கை கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஐயம்பேட்டை. காஞ்சிபுரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கூறைப் புடவையை மதராஸில் போய் வாங்கி வந்திருந்தார்கள். எங்கள் தெருவுக்கே வயிறு எரிந்தது. யாரோ தூண்டிவிட, மேஸ்திரி புடவை ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்தினார். வலதால் முகர்ந்தார். இடதால் முகர்ந்தார். மறுபடியும் வலது. முகூர்த்தம் நெருங்குகிறது, மனுஷன் வாயே திறக்கவில்லை.

"இன்னாய்யா, பட்டா இல்லியா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"வலது பட்டுன்னுது. இடதுதான் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதும்மா."

"அப்ப பாதிதான் பட்டா? எங்கள இன்னா திருடங்கன்றியா? டேய், எழுந்திருடா, போலாம்!"

மாப்பிள்ளை எழுந்தே விட்டான். மணையில் உட்கார்ந்திருந்த தங்கையின் முகம் செத்துப்போயிற்று. நான் பாய்ந்து மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தேன்.

"யோவ், நீ நல்லா இருப்பியா? ஒரு பொண்ணு வாழ்க்கைய்யா இது!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இடது அடைச்சிக்கிச்சுபா. காலைலேருந்து அழுதுக்கினு இருக்கேன். கொழந்த நம்ம தெருவ வுட்டுப் போவுதே."

ஐயம்பேட்டை என்ன அமெரிக்காவா? பஸ் ஏறி, போட்ட வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் வந்துவிடும் ஊர்! அதற்குப் போய் அழுது, கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தவரை என்ன செய்வது? தரதரவென்று சம்பந்தியம்மாள் முன்னால் இழுத்துப்போய் நிறுத்தினேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

"அசல் பட்டுதாம்மா. என் மூக்குதான் சரியில்ல. கொழந்தய மட்டும் அழவுடாம பாத்துக்கம்மா."

அவ்வளவுதான், அத்தனை பேர் நடுவில் விசும்பி விசும்பி அழ ஆரம்பித்துவிட்டார்.  சம்பந்தியம்மாள் மகனை உட்காரச் சொன்னாள். மேளம் கொட்டியது.

தாலி கட்டி முடிந்தும் மேஸ்திரியின் மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. எனக்கோ ஆத்திரம் அடங்கவில்லை. தோளில் கிடந்த புதுப் பட்டு அங்கவஸ்திரத்தை உருவி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"சிந்துய்யா!"