கதிரைகாட்டிக்கு உரிமம் எழுதிய கதை

வெள்ளவத்தையில் மூன்று தமிழர் கூடினால் சங்கம். நாலாவது ஆள் போஷகர். ஹம்சிகாவும் அபிஷனும் ஒரு மென்பொருள் எழுதியபோதும் அதுதான் நடந்தது. ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் பாலசுந்தரம் ஐயா போஷகரானார். நான் செயலாளர்.

மென்பொருளின் பெயர் ‘கதிரைகாட்டி’. எந்த அரச கந்தோரில் எந்த உத்தியோகத்தர் கதிரையில் இருக்கிறார் என்று ஃபோனில் காட்டும். சனம் வீணாய் அலையக்கூடாது என்பதுதான் ஹம்சிகாவின் ஒரே ஆசை.

“சுதந்திர உரிமம் போடுவம். ஆரும் பாவிக்கட்டும்,” என்றாள்.

“வியாபாரியுமோ?” அபிஷன் துள்ளினான். “நாங்கள் சும்மா எழுத, அவன் லாபம் பாக்கிறதோ?”

“சுதந்திரம் எண்டால் அவனுக்கும்தானே!”

“அப்ப அது சுதந்திரமில்லை, அநியாயம்,” என்ற போஷகர், ‘இலாபமீட்டும் எவரும் எவ்வகையிலும் பார்வையிடலாகாது’ என்று திருவாய் மலர்ந்தருளினார். நான் அதைப் பவ்வியமாய் உரிமத்தில் எழுதிக்கொண்டேன்.

மறுநாளே கொட்டாஞ்சேனைச் செருப்புக்கடை மஹ்ரூப் நானா வந்தார். மகள் ஆதிபாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வெள்ளிக்கிழமைக்குள் பிறப்புச் சான்றிதழ் வேணும். கந்தோருக்குப் போன நேரமெல்லாம் வெறுங்கதிரையைத்தான் கண்டாராம்.

“தங்கச்சி, அந்த மனிசன் சீட்ல ஈக்கிறாரா எண்டு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

“நீங்கள் வியாபாரி, நானா,” என்றான் அபிஷன்.

“புள்ளைக்குத்தானே கேக்கிற! புள்ள என்ன யாவாரமா?”

போஷகர் ஆழ்ந்து யோசித்தார். “பிள்ளை படிப்பா. படிச்சால் உழைப்பா. உழைச்சால் இலாபம். மன்னிக்கவேணும்.”

ஓட்டோக்காரர், டியூஷன் மாஸ்டர், தட்சணை வாங்கும் ஐயர் எல்லாரும் இதே நியாயத்தில் விழுந்தார்கள். கொம்பனியில் சம்பளம் எடுக்கும் ஹம்சிகாவும் விழுந்தாள்.

“நான் எழுதினதை நானே பாக்கேலாதோ?”

“சட்டம் எண்டால் சட்டம், பிள்ளை.”

கடைசியில் தகுதி பெற்றவர்கள் அரச உத்தியோகத்தர்கள் மட்டுமே. அவர்கள்தானே வியாபாரமே செய்யக்கூடாதவர்கள்! ஓடியோடி ஃபோனில் இறக்கிக்கொண்டார்கள். பக்கத்துக் கதிரை காலி என்று ஃபோன் காட்டியதும் இவரும் எழும்பினார். இவர் எழும்பியதைக் கண்டு மற்றவரும் எழும்பினார்.

வெள்ளிக்கிழமை மனம் கேளாமல் ஹம்சிகா நானாவோடு கந்தோருக்குப் போனாள். கதிரை காலி. ஆள் எதிர்த் தேத்தண்ணிக் கடையில் ஃபோனும் கையுமாய் இருந்தார்.

“இத எழுதின தங்கச்சி இவங்கதான்,” என்றார் நானா, எரிச்சலோடு.

உத்தியோகத்தர் எழும்பியே நின்றுவிட்டார். “மிஸ், அருமையான சாமான்! சனம் வந்தால் மணியடிக்கவும் செய்து தாங்கோவன்.”

ஆதிபாவின் இடம் வேறு பிள்ளைக்குப் போனது. ஹம்சிகா கூட்டத்தில் அழுதாள். கண்ணீர் நிகழ்ச்சிநிரலில் இல்லாதபடியால் நான் அதைப் பதியவில்லை. மணியில் இலாபம் ஏதும் உண்டா என்று ஆராய்ந்தோம். இல்லை. அபிஷனே செய்துகொடுத்தான். வாசல் காவலாளி அமத்தினால் மேல்மாடியில் அடிக்கும்.

நேற்று என் அடையாள அட்டை அலுவலாய் அதே கந்தோருக்குப் போனேன். வாசலில் கால் வைத்ததுதான் தாமதம், மணி வெகு இனிமையாய் அடித்தது. மேலே கதிரைகளைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம் கேட்டது.